அம்மா வந்துபோன பிறகு மடங்காத விரல்கள்

போன வருடம் ஆடி பிறந்து நாலாம் நாள் காலை, என் மனைவி சரசுவின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்தது. பிளாஸ்டிக் கோப்பைதான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "விரல் மடங்க மாட்டேங்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விரல் மடங்காதது அவளுக்கு. உட்கார இடம் தேடியது நான்.

என்னைத் தெரியாதவர் யாராவது இந்த விழா மலரைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் செல்வம். வயது ஐம்பத்திரண்டு. றொசல்லைக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டியில் ஏறியவர் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வரவேண்டும் என்பது என் கொள்கை. சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடமும் என் வாய் சும்மா இருக்காது. இரண்டு தடவை அடி விழப் பார்த்தது. அதனால்தான் நான் சாட்சி எழுதுகிறேன் என்றதும் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், "அண்ணே, ஜோக்கு வேணாம், பக்திய மட்டும் எழுதுங்க" என்றார். முயற்சி செய்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் நான் அடித்த கூத்தை மறைத்துவிட்டு அம்மாவின் கருணையை மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை.

சரசுவின் இரண்டு கையும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. விரல் மூட்டு, மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழும்பும்போது கை இரண்டும் மரக்கட்டை. பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் இளகும். அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். நாள் முழுக்கத் தூக்குவதும் இறக்குவதும் குளிப்பாட்டுவதும்தான் அவள் பிழைப்பு. இப்போது ஒரு குழந்தை "தூக்கு" என்று கையை நீட்டினால் இவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாளாம். அதை வந்து சொல்லி அழுதாள்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் அவளுக்குத் தலை பின்னிவிடும் வேலை எனக்கு வந்தது. நான் பின்னிய பின்னலைப் பார்த்து, "ஆட்டக் கட்டுற கயிறா இது?" என்றாள். "ஆடு ஓடிறக் கூடாதுல்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் நிஜமாகவே பிடித்தது.

ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு முஸ்லிம் டொக்டரம்மா. நல்லவர், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர். விரலை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"போன ரெண்டு மாசத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சா? உடம்புல தடிப்பு, சிவப்பு, புள்ளி இப்படி ஏதாவது?"

சரசு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஒன்னுமே இல்லீங்க டொக்டர். சுத்தமான உடம்பு. தும்மல்கூட வராது."

"நான் அவங்கள்ட்ட கேட்டேன்."

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தாங்க சொல்றேன்."

சரசு சேலைத் தலைப்பால் இரண்டு கையையும் மூடிக்கொண்டாள்.

நான் பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். நம் தோட்டத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். வைகாசிக் கடைசியில் பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் நாலைந்து பேருக்குக் கன்னம் இரண்டும் அறைந்தது போலச் சிவந்தது. ஆனி நடுவில் சரசுவுக்குக் காய்ச்சல் அடித்து, கையிலும் தொடையிலும் பூவேலை செய்த மாதிரி சிவப்பு படர்ந்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை கட்டினேன். தாளிப்பு இல்லை, மீன் இல்லை. மாத்திரை என்ற பேச்சே இல்லை. மூன்று தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் வேப்பிலையும் வைத்து மரியாதையாக அனுப்பி வைத்தோம். அனுப்பிய பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மா வந்துபோனதை நோய் என்று வாயால் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அப்படியிருக்க, டொக்டர் நோயைப் பற்றிக் கேட்டால் நான் அம்மாவைப் பற்றிச் சொல்வேனா? நோய் இருந்ததா என்றார். இல்லை என்றேன். என் கணக்கில் அது சரி.

இரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது டொக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு டெஸ்ட் கொஞ்சமாக் காட்டுது. ரொம்ப இல்ல. இது மூட்டுவாத நோயா இருக்கலாம். நம்ம உடம்பக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம்ம மூட்டத் தாக்குற நோய்."

"ஏன் டொக்டர் தாக்குது?"

"முழுசா யாருக்கும் தெரியாது. சில பேருக்கு வைரஸ் காய்ச்சல் ஒன்னு வந்து அதக் கிளப்பி விட்டிருக்கலாம்னு நெனைக்கிறாங்க. அதான் அன்னைக்கிக் கேட்டேன். உங்களுக்குத்தான் ஒன்னும் வரலையே."

"வரவே இல்லீங்க" என்றேன் நான், மறுபடியும். இவ்வளவு தெளிவாக அந்தப் பெண் வாசற்படி வரைக்கும் வந்து கதவைத் தட்டுகிறார்; நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

மூட்டு நோய்க்கென்று இருக்கும் பெரிய டொக்டரைப் பார்க்கக் கண்டிக்குத் துண்டு எழுதிக்கொடுத்தார். அந்த நோய்தான் என்று ஆகிவிட்டால் பல வருடம் மருந்து எடுக்க வேண்டும், விட்டால் விரல் கோணிவிடும் என்றும் சொன்னார். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பயப்படுவதற்கென்றே பிறந்த ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். தன் உடம்பே தன்னை அடிப்பதாவது? தேயிலை திருட வந்தவனைப் பிடிக்க வைத்த வாச்சர், திருடன் போன பிறகும் விசிலை ஊதிக்கொண்டு லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஆட்களையே விரட்டி விரட்டி அடிக்கிற மாதிரியா? அப்படியானால் வாச்சருக்குச் சொல்லவேண்டியது யார்? தோட்டத்துத் துரையா, டொக்டரா, அம்மாவா?

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃபோனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் தக்காளி கூடாது என்றார், தக்காளியை நிறுத்தினேன். இன்னொருவர் உருளைக்கிழங்கு கூடாது என்றார், அதையும் நிறுத்தினேன். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து அவித்துக் குடிக்கச் சொன்னார். அவரை நிறுத்தினேன். என் விரலும் வலிப்பது போல இருந்தது. சவாரி போகிறவர்களிடம் கையை நீட்டி, "பாருங்க, வீங்கியிருக்கா?" என்று கேட்டேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீச்சர், "வண்டிய ரெண்டு கையாலயும் பிடிங்க மொதல்ல" என்று கத்தினார்.

பிறகு குறி கேட்கப் போனேன். பக்கத்துத் தோட்டத்துக் குறிகாரர் கண்ணை மூடி, "செய்வினை வச்சுக் கையக் கட்டியிருக்கு. வீட்டுக்குப் பின்னால, ஈசான மூலையில, ஒரு முழம் ஆழத்துல" என்றார். அன்றைக்கு மத்தியானமே மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது வெட்டில் ஏதோ தட்டுப்பட்டது. "ஆத்தா, கெடச்சிருச்சு!" என்று ஓங்கி ஒரு வெட்டு. தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. நான் வெட்டியது லயத்துக்கே தண்ணீர் வரும் பைப்.

லயத்தின் பத்து வீட்டிலும் தண்ணீர் நின்றது. அடுத்த வீட்டுச் சுப்பையா மாமா குளித்துக்கொண்டிருந்தவர், தலை முழுக்கச் சோப்பு நுரையோடு ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி வந்து நின்றார்.

"டேய் செல்வம், செய்வினைய எடுக்குறியா, எங்களுக்குச் செய்யிறியா?"

சரசு பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். "அந்த மண்ணத் தள்ளி மூடுறதுக்குக்கூட எனக்குக் கை இல்லையே" என்றாள். நனைந்த சட்டையோடு நான் குழிக்குள் நின்றேன்.

அது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, பகல் மூன்று மணி இருக்கும், நம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். யாருமில்லை. சாரலாகத் தொடங்கிய மழை பெரிதாகிவிட்டது. முன்மண்டபத்துத் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. எனக்கே கேட்காதது அவளுக்கு எப்படிக் கேட்கும்? அதனால் கத்தினேன். வேண்டுதல் என்று சொல்லமுடியாது. சண்டை பிடித்தேன்.

"ஆத்தா! ஆனி மாசம் நீ எங்க வீட்டுக்கு வந்த. வேப்பில கட்டுனோமா இல்லையா? எண்ணெச் சட்டிய அடுப்புல வச்சோமா? நான் ஒரு துண்டு மீனு தின்னேனா? மூனு தண்ணி ஊத்தி மரியாதையா அனுப்பி வச்சோம். வந்த வீட்டுக்காரியோட கையவா எடுத்துக்கிட்டுப் போவ? எனக்கு ஒன்னும் வெளங்கல. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு! இல்லாட்டிச் சொல்றதுக்கு ஒரு ஆள அனுப்பு!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அண்ணே."

அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வருடம் கும்பிட்டவளுக்கு நான் அண்ணன் முறை ஆவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"எந்திரிங்கண்ணே, நான் சாந்தி. மழைக்கு ஒதுங்குனேன்."

நம் தோட்டத்து மிட்வைஃப் சாந்தி மிஸ். குழந்தைகளுக்கு நிறை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குடை ஒரு பக்கம் மடங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது.

"என்ன சொன்னீங்க இப்ப? அக்காவுக்கு ஆனி மாசம் அம்மா வந்துச்சா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பொத்தாதீங்க. லயம் பூரா கேட்டாச்சு. டொக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அதப் போயி எப்படி மிஸ் சொல்றது? அம்மாவப் பத்திப் பேசக் கூடாதுல்ல."

"இப்ப யார்கிட்ட பேசுனீங்க? அம்மாகிட்டயே அம்மாவப் பத்திக் கத்துறீங்க. டொக்டர்கிட்ட மட்டும் வாய் அடைச்சிருச்சா? பிள்ளைக்காம்பராப் புள்ளைங்களுக்கும் கன்னம் செவந்துச்சா?"

"ஆமா."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தருமே என்கிட்ட சொல்லலயே. இங்க ரெண்டு பேரு மாசமா இருக்காங்க அண்ணே. இது வயித்துப் புள்ளையையும் பாதிக்கலாம், அவங்களையும் பாக்கணும். நாளைக்கே அக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. அக்காவப் பேச விடுங்க. நீங்க பேசாதீங்க."

மழை விட்டதும் அவர் போய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஆள் அனுப்பு என்று கேட்டு முடிக்கவில்லை, ஆள் வந்துவிட்டது. நம்புகிறவர்கள் நம்புங்கள். மழைக்கு ஒதுங்கினார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த மழையை யார் அனுப்பியது என்று நான் கேட்பேன்.

மறுநாள் சரசுதான் பேசினாள். பயந்து பயந்து, காய்ச்சல், சிவப்பு, குழந்தைகளின் கன்னம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டொக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வைரஸ் அப்படித்தான் கன்னத்தைச் சிவக்க வைக்குமாம். அவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும். பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கை மூட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். மூட்டுவாத நோய் மாதிரியே இருக்கும், இரத்த டெஸ்ட்டைக்கூடக் கொஞ்சம் ஏமாற்றும். பெரும்பாலானவர்களுக்கு சில வாரத்திலோ மாதத்திலோ தானாக விட்டுப் போகும்.

"அப்ப இது அந்த நோய் இல்லையா டொக்டர்?" என்றேன். நாக்கு கடியிலிருந்து தப்பிவிட்டது.

"இல்லன்னு இன்னைக்கி சொல்ல மாட்டேன். சில பேருக்கு வைரஸ் போனதுக்கப்புறமும் வீக்கம் நிக்காது. வைரஸ்தான் அந்த நோயத் தொடங்கி வச்சுச்சா, வர இருந்தது தானா வந்துச்சான்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. கண்டிக்குக் கட்டாயம் போங்க. இப்பத்திக்கு வலிக்கு மட்டும் மருந்து. அந்த வைரஸுக்கு ஒரு டெஸ்ட் அனுப்புறேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்."

"டொக்டர், ஒரே ஒரு கேள்வி. அப்ப வந்தது அம்மாவா, வைரஸா?"

சரசு என் காலை மிதித்தாள். டொக்டர் சிரித்தார். "நான் வைரஸ்னு எழுதுறேன். நீங்க அம்மான்னு சொல்லுங்க. எந்தப் பேர்ல வந்தாலும் என்கிட்ட வந்து சொன்னாப் போதும்."

பொறுத்துப் பார்ப்போம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். பொறுப்பதுதான் எனக்கு வராத வேலை. நோய் என்று சொன்னால் அழலாம். நோயில்லை என்று சொன்னால் ஆடலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒருவன் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போனேன். கத்தவில்லை. நேர்த்தி எதுவும் புதிதாக வைக்கவில்லை. "தாயே, எனக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்கும். அவ கையப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பூசாரியிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், அம்மாவா வைரஸா என்று. "கேட்டதுக்குப் பதில் வந்திருச்சுல்ல? மறுபடி மறுபடி கேட்டா அவளுக்கும் சலிச்சுப் போகும்" என்றார்.

டெஸ்ட் வந்தது. அந்த வைரஸ் சமீபத்தில் வந்துபோனதற்கு அடையாளம் இருந்தது. மாசமாக இருந்த இரண்டு பெண்களையும் சாந்தி மிஸ் கூட்டிப்போய்க் காட்டினார். அம்மா புண்ணியத்தில் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் மௌனம் சரசுவின் கையோடு முடிகிற விஷயம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆவணி முழுக்க வலி இருந்தது. புரட்டாசியில் ஒருநாள் காலை, நான் சீப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அவள் பின்னால் போய் நின்றேன். "தள்ளுங்க" என்று என் கையைத் தட்டிவிட்டாள். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, தானே பின்னி முடித்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். வெங்காயம் உரித்ததாக அவளிடம் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

கண்டிப் பெரிய டொக்டரும் பார்த்தார். கார்த்திகையில் திரும்ப எடுத்த டெஸ்ட்டில் முதலில் காட்டியது காட்டவில்லை. அந்தப் பல வருட மருந்து இப்போது தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். குளிர் கூடிய காலைகளில் வலது கை மோதிர விரல் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் சரசு பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூக்குகிறாள். முழுசாக விட்டதா, இன்னும் எங்காவது பதுங்கியிருக்கிறதா, எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் விட்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டிக்கும் போகிறோம்.

தை மாதக் கடைசி வெள்ளியன்று சரசு கோயிலுக்கு மாவிளக்கு கொண்டுபோனாள். அப்படி ஒரு வேண்டுதல் வைத்திருந்ததை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அரிசி மாவையும் சர்க்கரையையும் தன் கையாலேயே பிசைந்தாள். உதவிக்குப் போனேன். "கைய எடுங்க, இது என் கைக்காக வச்சது" என்றாள்.

விளக்கேற்றி முடிந்ததும் பூசாரி, "எதுக்காக வேண்டுதல், சொல்லும்மா" என்றார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சரசு பெண்கள் பக்கம் திரும்பினாள். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஆனி மாசம் எனக்கு அம்மா வந்துச்சு. அதுக்கப்புறம் என் கை மடங்கல. பேசக் கூடாதுன்னு டொக்டர்கிட்ட மறைச்சோம். பொறவு சொன்னேன். சொன்னதுக்கு அம்மா கோவிக்கல. என் கையத் திருப்பித் தந்துச்சு."

மணியடிக்க வேண்டிய பூசாரி மணியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு தூணோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இளம்பெண் ஒருத்தி, கொழுந்துக்குப் போகிறவள், மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்கும் மணிக்கட்டும் முழங்காலும் மூனு மாசமா வலிக்குது. எனக்கும் அதுக்கு முந்தி..." பாதியில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் மருமகளைப் பார்க்கவில்லை. அம்மனைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செல்வம், திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு ஒன் வண்டி எத்தன மணிக்குப் போகும்?"

ஏழரைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளிலும் போகிறது. தாயை நம்புகிறவர்களே, உங்கள் வீட்டுக்கும் அவள் வந்துபோன பிறகு ஏதாவது வலி தங்கியிருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். முதலில் அவளிடம் சொல்லுங்கள், பிறகு டொக்டரிடமும் சொல்லுங்கள். கோயில் வாசலில்தான் வண்டியை நிறுத்தியிருப்பேன். போகும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டேதான் வருவேன். அதற்கு மட்டும் அம்மாவிடமும் மருந்து இல்லை என்று சரசு சொல்கிறாள்.